நாளங்காடியும் நடைபாதையும்

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதையை உயர்தர வகுப்பு மாணவருக்கு விளக்கிக்கொண்டிருந்தோம். கரும்பலகையின் ஒருபுறம் மருவூர்ப்பாக்கம், மறுபுறம் பட்டினப்பாக்கம், நடுவே ஒரு சோலை. அச்சோலையிலேதான் புகார் நகரின் நாளங்காடி கூடிற்று என்பதையும், நெருங்கி வளர்ந்த மரங்களின் அடிகளே கடைகளுக்குக் கால்களாயின என்பதையும், விற்பாரும் வாங்குவாரும் எழுப்பிய ஆரவாரம் அங்கே அடங்கியதில்லை என்பதையும் எடுத்துரைத்தோம். மருவூர்ப்பாக்கத்துத் தெருக்களிலே அப்பம் சுட்டு விற்ற கூவியரும், மீன் விற்ற பரதவரும், வெள்ளுப்பு விற்றோரும், வெற்றிலை விற்ற பாசவரும் வரிசையாக வந்துபோயினர். ஈராயிரம் ஆண்டுப் பழைமை பேசும்போது தமிழாசிரியர் குரலில் ஒரு மிடுக்கு ஏறுவதுண்டு. அன்று எமது குரலிலும் அது ஏறியிருத்தல் வேண்டும்.

அப்பொழுது கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"சேர், அந்த நாளங்காடிக்குப் பொலிஸ் வருமா?"

வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. கேட்டவன் சிரிக்கவில்லை என்பதை அன்று நாம் கவனித்தோமில்லை. "குறும்புக்கு இது நேரமல்ல, இரு" என்று அதட்டிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தோம்.

அம்மாணவனைப் பற்றி எமக்கு நல்லெண்ணம் இருந்ததில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிந்தி வருவான். முதலிரு பாடங்களிலும் கண் சொருகிவிடும். ஒப்படைகளை உரிய நாளில் தரமாட்டான். முன்னேற்ற அறிக்கையில் அவன் பெயருக்கு எதிரே 'ஆற்றல் உண்டு. அக்கறை இல்லை' என்று எழுதியிருந்தோம். இவ்வாறான வசனங்கள் ஆசிரியர் கைவசம் ஏராளம். ஒரு பிள்ளையின் வீட்டு வாசலைக்கூட மிதியாமல் அப்பிள்ளையின் வாழ்வைப் பற்றித் தீர்ப்புக் கூற அவை உதவுகின்றன.

புறக்கோட்டைக்கு நாம் பெரும்பாலும் சனிக்கிழமைகளிற் செல்வோம். 'புறக்கோட்டை' என்ற பெயரை நாள்தோறும் உச்சரிக்கிறோம். அதன் பொருளை நினைப்பதில்லை. கோட்டைக்குப் புறம்பே கிடப்பது என்பதே அதன் பொருள். சிங்களப் பெயரும் அதனையே கூறுகிறது. ஆங்கிலேயர் 'பெட்டா' என்றது எமது 'பேட்டை'யைத்தான். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கட்டிக் காத்த கோட்டை மதிலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிவிட்டனர். மதில் போய்விட்டது. ஆனால் புறம் இன்னும் புறமாகவே இருக்கிறது. ஒரு பக்கத்திலே வங்கிகளும் வான்முட்டும் மாடங்களும். மறுபக்கத்திலே சாக்கும் படங்கும் விரித்து அமர்ந்திருக்கும் மாந்தர். இவ்விரு பக்கத்தையும் 350 மீற்றர் உயரத்திலிருந்து தாமரைக் கோபுரம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

குறுக்குத் தெருக்களுக்குள் நுழைந்துவிட்டால் புகாரை நினையாமல் இருத்தல் தமிழ் படித்தவருக்கு இயலாது. செட்டியார் தெருவிலே பொன். நான்காம் குறுக்குத் தெருவிலே சீனி, பருப்பு, வெங்காயம். கேபோஸ் ஒழுங்கையிலே மூலிகையும் வேரும் பட்டையும். தெருவுக்கொரு பண்டம், பண்டத்துக்கொரு மணம். இத்தெருக்களின் மொத்த வியாபாரத்தை முதுகிலும் தள்ளுவண்டியிலும் சுமப்பவர்களுக்கு இங்கே 'நாட்டாமை' என்று பெயர். சிங்களவரும் அச்சொல்லையே வழங்குவர். தமிழகத்துக் கிராமத்திலே திண்ணையில் அமர்ந்து தீர்ப்புச் சொல்பவரைக் குறிக்கும் சொல், கொழும்பிலே ஐம்பது கிலோ மூடையின் கீழ் வளைந்து நடப்பவரைக் குறிக்கின்றது. அதுபோலவே, நடைபாதையிற் கச்சான் விற்பவரையும் இங்கே 'முதலாளி' என்றே கூப்பிடுவர். பெயர் வழங்குவதிலே புறக்கோட்டைக்கு எவ்விதக் கஞ்சத்தனமும் இல்லை.

ஆனால் நாம் கூற வந்தது கடைகளைப் பற்றியன்று. கடைக்கு வெளியே, நடைபாதையின் விளிம்பிலே, ஒரு பாய் அகலத்தில் நடக்கும் வாணிகத்தைப் பற்றியே. நாளங்காடிப் பாடம் நடந்த வாரத்துச் சனிக்கிழமை, புகையிரத நிலையத்திலிருந்து பஸ் நிலையத்துக்குச் செல்லும் வழியில் ஒரு பெண்ணிடம் தேசிக்காய் வாங்க நின்றோம். நீலப் படங்கு ஒன்றின் மீது தேசிக்காய்களைக் கூறு கூறாகக் குவித்திருந்தாள். அருகே பச்சை மிளகாய், இஞ்சி, வல்லாரைக் கட்டு, கறிவேப்பிலை, ரம்பை. கூறு நூற்றைம்பது ரூபா என்றாள்.

"நூற்றிருபதுக்குத் தாங்கோ, அம்மா."

"கட்டாதுங்க, ஐயா. வாங்கின வெலயே நூத்திப் பத்து."

முதல்நாள் மாலை, குளிரூட்டிய பெருங்கடை ஒன்றிலே, பொதியின் மீது அச்சிட்ட விலை எதுவோ அதனை மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் நாம். அங்கே விலை சுவரைப் போல நின்றது. சுவரோடு யார் வாதாடுவார்? இங்கே விலைக்கு ஒரு முகம் இருந்தது. முகத்தோடு வாதாடலாம் அல்லவா? வாதாடினோம். அவள் சலித்துப்போய், "சரி, எடுத்துக்கங்க" என்று பையை விரித்தபோது, பின்னாலிருந்து ஒருவன் தோளிற் சாக்குடன் வந்து நின்றான். அவன் எமது கடைசி வாங்கு மாணவன்.

சாக்கை இறக்கியவன் எம்மைக் கண்டு திகைத்தான். நாமும் திகைத்தோம். "எங்கட சேர், அம்மா" என்றான் மெல்ல. அவ்வளவுதான், அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். முந்தானையிலே கையைத் துடைத்தாள். பையிலே இன்னும் நாலைந்து தேசிக்காயையும் ஒரு பிடி கறிவேப்பிலையையும் ரம்பைத் துண்டையும் திணித்தாள். "சேர்கிட்ட காசு வாங்கவா? புள்ளைக்குப் படிச்சுக் குடுக்கிறீங்க. வேணாம் சேர்" என்றாள். நாம் நூற்றைம்பதை நீட்டினோம். மாட்டேன் என்றாள். மிகவும் வற்புறுத்திய பின்னர், பேசிய விலை பேசிய விலைதான் என்று நூற்றிருபதை எடுத்துக்கொண்டு முப்பது ரூபாவை எமது உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டாள். பேரத்திலே வென்ற அந்த முப்பது ரூபாவை அதன் பின்னர் திருப்பிக் கொடுக்க எமக்கு ஒரு வழியும் அகப்படவில்லை.

திரும்பி நடந்தவர்கள் சற்றுத் தள்ளிப் பஸ் தரிப்பிடத்தில் நின்று பார்த்தோம். வகுப்பிலே வாய் திறவாத அப்பையன் அங்கே வேறொருவனாக இருந்தான். ஒரு வாடிக்கையாளரிடம் சிங்களத்தில், அடுத்தவரிடம் தமிழில், மூன்றாமவரிடம் இரண்டும் கலந்து பேசினான். மூன்று பண்டத்தின் விலையைக் கூட்டி மிச்சக் காசை எண்ணிக் கொடுப்பதற்கு அவனுக்கு ஒரு மூச்சு நேரமே தேவைப்பட்டது. இரண்டாம் மொழிப் பாடத்திலே அவன் சித்தியடையவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைத்தல் வேண்டும்.

பின்னர் வந்த சனிக்கிழமைகளில், வாங்குவதற்கு ஒன்றும் இல்லாவிடினும் அவ்விடத்தில் நின்று பேசிவரலானோம். அந்தப் பேச்சிலே ஒரு தேசிக்காயின் கணக்கை நாம் கற்றோம். பல்கலைக்கழகத்திலே எவரும் எமக்கு அதனைக் கற்பிக்கவில்லை.

புறக்கோட்டையின் மெனிங் சந்தை இருந்தவரை, விடியுமுன் அங்கு சென்று வேண்டிய அளவு வாங்கித் தலையிலே சுமந்துவந்து அருகிலுள்ள நடைபாதையிற் பரப்பினால் போதும். கூலியுமில்லை, வண்டியுமில்லை. பணம் குறைந்த நாளிலே அரைச் சாக்கு வாங்கி விற்றுவிட்டு, அந்தக் காசோடு ஓடிப்போய் மறு அரைச் சாக்கையும் வாங்கி வரலாம். 2020 நவம்பரில் அச்சந்தை களனி கங்கைக்கு அப்பால் பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. மீன் சந்தை அதற்கு முன்னரே அங்கு போய்விட்டது. புதிய கட்டடம் விசாலமானது, லொறிகள் நிற்க வசதியானது என்று கூறுவர். அதை நாம் மறுக்கவில்லை. பழைய சந்தையின் நெரிசலையும் சேற்றையும் கண்டவர் எவரும் அது அப்படியே இருந்திருக்கலாம் என்று சொல்லார். ஆனால் அத்திட்டத்தை வரைந்த மேசையிலே, அரைச் சாக்கு வாங்குபவள் ஒருத்தி இருக்கிறாள் என்பது எவர் நினைவுக்காவது வந்ததா? இன்று அவள் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, வேறு இருவரோடு சேர்ந்து ஓட்டோ பிடித்துப் பேலியகொடைக்குப் போய் வருகிறாள். இரண்டாம் முறை போவது கட்டாது. ஆகவே ஒரே தடவையில் முழுச் சரக்கையும் வாங்கியாக வேண்டும். அதற்கு முதல் வேண்டும். முதலுக்குக் கடன் வேண்டும். வங்கியோ அவளுக்குக் கடன் தராது. ஏனெனில் அவளுக்கு முகவரி உண்டே தவிர உறுதி இல்லை.

ஆகவே 'மீற்றர் வட்டி'. வாடகை வண்டியின் மீற்றர் போல, நிற்கும்போதும் ஓடிக்கொண்டேயிருக்கும் வட்டிக்கு மக்கள் இட்ட பெயர் அது. கடன் கொடுத்தவர் பத்தாயிரம் ரூபா கொடுத்திருக்கிறார். நாளொன்றுக்கு ஐந்நூறாக இருபத்தைந்து நாட்கள் கட்டவேண்டும். மாலையில் மோட்டார் சைக்கிளில் ஒருவன் வந்து கொப்பியிலே அடையாளமிட்டுக்கொண்டு போவான். நாம் ஒரு கடதாசியில் எழுதிப் பார்த்தோம். ஒரு நல்ல நாளிலே அவள் ஆறாயிரத்துக்கு வாங்கியதை ஏழாயிரத்து ஐந்நூறுக்கு விற்கிறாள். ஆயிரத்து ஐந்நூறில் ஓட்டோப் பங்கு நானூறு, தவணை ஐந்நூறு, தேநீருக்கும் பைக்கும் நூறு. மிச்சம் ஐந்நூறு. மழை பெய்தால் அதுவுமில்லை. வல்லாரை வாடும், மிளகாய் அழுகும், மீற்றர் ஓடும். நாம் பேரம் பேசி வென்ற முப்பது ரூபா இந்தக் கணக்கிலே எங்கே விழுந்தது என்பதைக் கண்டுபிடிக்க நெடுநேரம் தேவைப்படவில்லை.

"2022ஆம் வருசம் எப்பிடிச் சமாளிச்சீங்க?" என்று ஒருமுறை கேட்டோம். அவ்வாண்டு ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாதென்று கைவிரித்ததும், செப்ரெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியதும் நாம் பத்திரிகையில் வாசித்தவை. அவள் பத்திரிகை வாசிக்கவில்லை. "அப்ப சனங்க கூறு கேக்கல சேர். ஒரு தேசிக்கா, ரெண்டு மொளகா, அப்பிடித்தான் கேட்டாங்க. நானும் ஒண்ணு ரெண்டா எண்ணிக் குடுத்தேன்" என்றாள். சுட்டெண்கள் கூறுவதிலும் பார்க்க அதிகமானதை அந்த வாக்கியம் எமக்குக் கூறிற்று. பெருங்கடையிலே ஒரு மிளகாயை விற்கமாட்டார்கள். ஒரு மிளகாய் மட்டும் வாங்கக்கூடியவருக்கு ஒரு மிளகாயை விற்பவர் நகரிலே ஒருவர் இருத்தல் வேண்டுமல்லவா?

நடைபாதையை ஒரு சொர்க்கபுரியாக வருணிப்பது எமது நோக்கமன்று. முற்போக்கு எழுத்தாளர் சிலருக்கு அந்தப் பலவீனம் உண்டு. அரை முழ இடத்துக்காக அங்கே மூளும் சண்டைகளை நாம் கண்டிருக்கிறோம். தராசுத் தட்டின் அடியில் ஒட்டிய பொருளையும் கண்டிருக்கிறோம். இடத்துக்கு 'வாடகை' கேட்டு வரும் முரடர்களும் உளர். எமது மாணவனின் தாய்க்கு வலப்புறம் அன்னாசி வெட்டி விற்பவர் சிங்களவர். இடப்புறம் காலுறை விற்பவர் ஒரு முஸ்லிம் நானா. ஒருவர் எழுந்து போனால் மற்றவர் கடையைப் பார்த்துக்கொள்வர். அவளை 'அக்கே' என்பார் அன்னாசிக்காரர். இதனைக் கண்டு மனம் நெகிழ்ந்து 'இன ஐக்கியம்' என்று எழுதிவிடலாம். ஆயின் இதே தெருக்களில்தான் 1983 யூலையில் தமிழர் கடைகள் எரிந்தன. இந்தப் பஸ் நிலையத்தில்தான் 1987 ஏப்ரல் 21ஆந் திகதி வெடித்த குண்டு நூறு பேருக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அவர்கள் ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள் என்று நாம் துணிந்து கூறமாட்டோம். ஒருவர் இன்றி ஒருவரால் ஒரு பகலைக் கடத்தமுடியாது என்பதை மட்டும் கூறுவோம்.

இனி அந்தச் சனிக்கிழமையைப் பற்றி. தவணைப் பரீட்சைக்கு இரு வாரம் இருந்தது. பத்து மணி இருக்கும். "சீயய், சீயய்" என்று நூறு ரூபாக் குரல்கள் இருபுறமும் எழுந்துகொண்டிருந்தன. திடீரெனத் தெரு முனையில் அந்தக் குரல்கள் அறுந்தன. அறுந்த இடத்திலிருந்து வேறொரு சொல் கிளம்பிற்று. "எனவா! எனவா!" என்று சிங்களத்திலும், "வாறாங்க!" என்று தமிழிலும் அது ஆளுக்கு ஆள் தாவி எம்மைக் கடந்து ஓடிற்று.

அப்போதுதான் அந்த நீலப் படங்கின் நான்கு மூலைகளிலும் கயிறு கோத்திருந்ததன் காரணம் எமக்கு விளங்கியது. கயிற்றைப் பற்றி ஒரே இழுப்பு. கடை முழுவதும் ஒரு மூட்டையாகிவிட்டது. தாய் அதனைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஒழுங்கைக்குள் மறைந்தாள். காலுறை நானா குடையை மடக்கியபோது அவருடைய கடையும் அதற்குள் மடங்கிற்று. எமது மாணவன் கையில் தராசு ஒன்று, பிரிக்காத தேசிக்காய்ப் பை ஒன்று. லொறி அவன் முன்னே நின்றது. சீருடையினர் நால்வர் குதித்தனர்.

"சேர், இதைப் பிடியுங்க" என்று பையை எமது கையில் திணித்துவிட்டுத் தராசோடு ஓடினான்.

அவனைத் துரத்திப் பிடித்தார்கள். அடிக்கவில்லை, அதனைச் சொல்லியாக வேண்டும். தராசைப் பறித்து லொறியில் எறிந்தார்கள். அன்னாசிக்காரருடைய தள்ளுவண்டியை அப்படியே தூக்கி ஏற்றினார்கள். வெட்டிய துண்டுகள் தெருவிலே சிதறின. ஒருவர் எமக்கு எதிரே வந்து நின்றார். எம்மை மேலும் கீழும் பார்த்தார். வெள்ளைச் சேட்டு, மூக்குக்கண்ணாடி, தோளில் புத்தகப் பை, கையிலே மூன்று கிலோத் தேசிக்காய். எம்மை வாங்க வந்தவர் என்றே அவர் முடிவு செய்தார். "சொறி சேர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சிங்களத்தில் மரியாதையாகக் கூறிவிட்டு அப்பாற் சென்றார்.

எமது கையிலிருந்தபோது அந்தப் பை பறிக்கப்படாத உடைமை. இரு நிமிடத்துக்கு முன் அவன் கையில் இருந்தபோது அது ஆக்கிரமிப்பு. தேசிக்காய் மாறவில்லை, சேட்டுத்தான் மாறியிருந்தது. லொறி போன பின்னரும் நாம் வெகுநேரம் அங்கே நின்றோம். தாயும் மகனும் திரும்பி வரவில்லை. பையை வீட்டுக்குக் கொண்டுசென்றோம்.

இச்சம்பவத்தை ஆசிரியர் அறையிலே கூறியபோது இரு விதமான பதில்கள் கிடைத்தன. ஒரு நண்பர் மார்க்சியம் நன்கு கற்றவர். நடைபாதை வியாபாரிகள் குட்டி முதலாளி வர்க்கத்தினர், சொந்த உடைமையிலே பற்றுடையவர்கள், அவர்கள் தொழிலாளி வர்க்கத்தோடு உறுதியாக நிற்பார்கள் என எதிர்பார்க்கலாகாது என்றார். அவளுடைய உடைமை ஒரு படங்கும், மாலையிலே திருப்பிக் கொடுக்கவேண்டிய பணமும் என்று நாம் கூறினோம். தனது உழைப்பை எவருக்கு விற்கிறாள் என்று அறியாமலே விற்கும் ஒரு கூலியாள் அவள். கூலி கொடுப்பவன் மாலையில் மோட்டார் சைக்கிளில் வந்து கூலியில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டும் போகிறான். நண்பர் ஏற்கவில்லை. வாதம் இன்னும் முடியவில்லை.

மற்றவர் கேட்டது இலகுவில் ஒதுக்கத் தகாத கேள்வி. "நடைபாதை நடப்பதற்குத்தானே? கண் தெரியாதவர், சக்கர நாற்காலியில் வருபவர், பிள்ளையைத் தூக்கிய தாய், இவர்கள் எங்கே நடப்பது?" உண்மைதான். வாகனத்துக்கு அஞ்சித் தெருவிலே இறங்கி நடக்கும் முதியவரின் உரிமையும் ஓர் ஏழையின் உரிமையே. ஆனால் நாம் கண்ட தெருவிலே நடைபாதையின் பாதியைக் கடைக்காரர்கள் நீட்டிய பலகைகளும் நிறுத்திய மோட்டார் சைக்கிள்களும் பிடித்திருந்தன. லொறி அவற்றின் அருகே நிற்கவில்லை.

இடம் கொடுத்து மாற்றும் முயற்சிகள் நடக்காமலும் இல்லை. போர் முடிந்த மறு ஆண்டாகிய 2010இல் நகர அபிவிருத்தி பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. கீரை விற்பவளும் பாதுகாப்புச் சம்பந்தப்பட்ட விடயமாகிவிட்டாள் போலும். நடைபாதையிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்கென 2014இல் பேரை வாவியின் மீது 'மிதக்கும் சந்தை' திறக்கப்பட்டது. பார்வைக்கு அழகானது, பலகைப் பாலம், நீர், வண்ணக் கூரை. நாமும் சென்று பார்த்தோம். ஆனால் பஸ்ஸுக்கு ஓடுபவர் வழியிலே குனிந்து மிளகாய் வாங்குவாரே தவிர, மிளகாய் வாங்குவதற்காக வாவிக்குப் போகமாட்டார். சில ஆண்டுகளிலே அச்சந்தை களையிழந்து பலகைகள் உளுத்துப்போயின. மக்கள் நடக்கும் வழியிலேதான் இச்சிறு வாணிகம் உயிர் வாழும். வழியை விட்டு விலக்கி வைத்தால் அது இறந்துவிடும். புகாரைக் கட்டியவர்கள் இதை அறிந்திருந்தனர் போலும். நகரின் இரு பாக்கங்களுக்கும் நடுவே, எல்லோரும் போக வர வேண்டிய இடத்திலே, அங்காடிக்கென்று ஒரு சோலையை விட்டுவைத்திருந்தனர். இந்தியாவிலே 2014இல் தெரு வியாபாரிகளுக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. எங்கே விற்கலாம் என்பது பற்றி ஆலோசிக்கும் நகரக் குழுக்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கவேண்டும் என்பது அதன் விதி. அங்கும் ஏட்டில் உள்ளதெல்லாம் தெருவுக்கு வந்துவிடவில்லை. ஆயினும் விற்பவளைக் கேளாமல் அவளுடைய இடத்தைத் தீர்மானிக்கலாகாது என்பதாவது எழுத்தில் இருக்கிறது. எமது நாட்டில், லொறி வரும்போதுதான் அவள் தன்னைப் பற்றிய தீர்மானத்தை அறிகிறாள்.

திங்கட்கிழமை அவன் பாடசாலைக்கு வந்தான். பிந்தி வந்தான். நாம் வரவேட்டிலே ஒன்றும் குறிக்கவில்லை. தேசிக்காய்ப் பையை ஆசிரியர் அறை மேசையின் கீழ் வைத்திருந்தோம். திருத்தவேண்டிய விடைத்தாள்களிலெல்லாம் அதன் மணம் ஏறியிருந்தது. பையை வாங்கிக் கையிலே தூக்கிப் பார்த்தான். "குறையயில்ல சேர்" என்றான். தராசு போனாலும் கை நிறுக்கும் போலும். தராசை மீட்க எவ்வளவு தண்டம் என்று கேட்டோம். "புதுசு வாங்கிறது லாபம், சேர்" என்றான். முப்பது ரூபாவைப் பற்றி அவனிடம் பேச்செடுக்கத் துணிவு வரவில்லை.

அன்று மீட்டற்பாடம், மீண்டும் இந்திரவிழவு ஊரெடுத்த காதை. கரும்பலகையிலே சோலையை வரைந்தோம். வரைந்துவிட்டுக் கடைசி வாங்கைப் பார்த்துக் கூறினோம்: "முன்னொரு நாள் நீர் ஒரு கேள்வி கேட்டீர். நாம் பதில் சொல்லவில்லை. நாளங்காடியைக் காத்து நிற்க அங்கே ஒரு பூதம் இருந்தது. அதற்குப் பீடிகையும் இருந்தது. நகரின் சதுக்கத்திலே இன்னொரு பூதமும் இருந்தது. குற்றம் செய்தவரைப் பாசத்தாற் கட்டிப் புடைத்து உண்ணும்."

வகுப்பு அன்று சிரிக்கவில்லை. அவன் எழுந்தான்.

"சதுக்கத்துப் பூதம் யார் யாரைப் பிடிக்கும், சேர்?"

நூலைத் திறந்து ஒவ்வொருவராகக் கூறினோம். தவ வேடத்தில் மறைந்து தீங்கு செய்வோர், ஒழுக்கம் தவறிய பெண்டிர், அரசனுக்கு வஞ்சகம் செய்யும் அமைச்சர், பிறர் மனைவியை விரும்புவோர், பொய்ச்சாட்சி சொல்வோர், புறங்கூறுவோர்.

அவன் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான். ஆறு பேர் ஆயினர்.

"அவ்வளவுதானா, சேர்?"

"அவ்வளவுதான்."

"தெருவில விக்கிறவங்க இல்லையே?"

மீண்டும் ஒருமுறை அவ்வரிகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தோம்.

"இல்லை" என்றோம்.

அவன் கொப்பியிலே எதையோ எழுதிக்கொண்டு அமர்ந்தான்.